கறிவேப்பிலை வீட்டில் செழிக்க: திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு முழு வழிகாட்டி

பாளை மார்க்கெட்டில் நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறாகப் பைக்குள் விழும். சும்மா கிடைப்பதாலேயே இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வளர்க்க ஆரம்பித்தவர்களுக்குத்தான் தெரியும், இது கொஞ்சம் வீம்பு பிடித்த செடி. நர்சரியில் தளதளவென்று இருந்த கன்று, வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகியும் அதே நாலு ஈர்க்கோடு (சிற்றிலைகள் வரிசையாக ஒட்டிய காம்புதான் ஈர்க்கு) குச்சியாக நிற்கும். “மண்ணு சேரல”, “கைராசி இல்ல”, “கண்ணு பட்டுட்டு” என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

உண்மையான காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான். வேரில் தண்ணீர் தேங்குவது, தொட்டி சூடேறி வேர் வெந்துபோவது, பயந்து பயந்து இலை பறிப்பது. வெயில் இந்தப் பட்டியலில் இல்லை. இலைக்கு நல்ல வெயில், வேருக்குக் குளிர்ச்சி, அடிக்கடி கத்தரிக்கோல். இந்த மூன்றையும் சரியாகக் கொடுத்தால் நம் ஊரில் கறிவேப்பிலை வருஷம் முழுக்கத் துளிர்க்கும்.

செடியின் குணம்

கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை, வில்வம் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாவரவியல் பெயரில் வரும் ‘கோனிகி’, 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மருத்துவரும் தாவர ஆராய்ச்சியாளருமான யோகான் கெர்கார்டு கோனிக் என்பவரைக் குறிக்கும். எலுமிச்சையோடு உள்ள இந்த உறவு வெறும் புத்தகச் செய்தி இல்லை. எலுமிச்சைக்கு வரும் பூச்சிகள் இதற்கும் வரும், எலுமிச்சைக்கு ஆகாத சுண்ணாம்பு மண் இதற்கும் ஆகாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சங்கதிகள் தானாகப் புரிந்துவிடும்.

26 முதல் 37 டிகிரி வரையிலான வெப்பம் இதற்கு மிகவும் பிடித்தது. 16 டிகிரிக்குக் கீழே போனால் மொட்டுகள் உறங்கிவிடும், வளர்ச்சி நின்றுவிடும். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ மார்கழிப் பனியில்கூட அவ்வளவு குளிர் அடிப்பதில்லை. ஆகவே நம் சமவெளியில் இதற்கு உறங்கும் காலமே கிடையாது. மார்கழி, தையில் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். மாஞ்சோலை மாதிரி மலை மேல் இருப்பவர்கள் மட்டும் குளிர்காலத்தில் துளிர் வரவில்லையே என்று கவலைப்படாமல் மாசி வரை பொறுத்திருக்க வேண்டும்.

பொதிகை அடிவாரக் காடுகளில் தானாகவே முளைத்து நிற்கும் காட்டுக் கறிவேப்பிலையும் உண்டு. இலை சிறிது, வாசம் தூக்கல், லேசான கசப்பும் இருக்கும். வீட்டுக்கு வேண்டியது நடுத்தர இலை ரகம்தான். கோவை மாவட்டம் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் பெருமளவில் பயிரிடும் ‘செங்காம்பு’ ரகம் வாசத்துக்குப் பேர் போனது. ஈர்க்கின் காம்பு செந்நிறமாக ஓடியிருக்கும். நர்சரியில் அது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். தார்வாட் 1, தார்வாட் 2 என்ற கர்நாடக ரகங்களும் நல்லவைதான். ரகப் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு சிற்றிலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கசக்கிய விரலில் வாசம் கொஞ்ச நேரம் நின்றால் எடுக்கலாம், உடனே போய்விட்டால் வேண்டாம்.

எங்கே வைப்பது

ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். தென்னைக்கும் வேம்புக்கும் அடியில் வைத்தால் செடி உயிரோடு இருக்கும், ஆனால் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகப் போகும். தரையில் வைப்பதானால் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். ஒன்றுக்கு மேல் வைத்தால் செடிக்குச் செடி நாலைந்து அடி இடைவெளி போதும். இது பக்கவேர் விட்டு அங்கங்கே கன்று கிளப்பும் செடி, அதற்கும் இடம் வேண்டுமே.

புது வீடு கட்டியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காம்பவுண்டு ஓரத்தில் மேலே அரையடி செம்மண் பரப்பி அழகாகத்தான் இருக்கும். கடப்பாரையை இறக்கினால் ‘ணங்’கென்று சிமெண்டுப் பாளம், செங்கல் துண்டு, பூச்சு உதிர்ந்த காரை என்று வரும். அந்தச் சுண்ணாம்பில் கறிவேப்பிலை மஞ்சளடித்தே சாகும். அங்கேதான் வைக்க வேண்டும் என்றால் இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் தோண்டி, கிடைத்த குப்பையை அள்ளி வெளியே போட்டுவிட்டு, நல்ல மண் கொண்டுவந்து நிரப்புங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை நம் சீமை ஒரே மாதிரி இல்லை. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஆற்றங்கரை வண்டல் அருமையான மண்தான், ஆனால் வயலும் வாய்க்காலும் பக்கத்திலேயே இருப்பதால் மழைக்காலத்தில் அடியில் ஈரம் வற்றாது. அங்கே குழி மட்டும் போதாது, தரையைவிட ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் களியாகும், சுண்ணாம்பும் அதிகம். குழியைப் பெரிதாக எடுத்து, பாதிக்குப் பாதி செம்மண் கலந்தால்தான் சரிப்படும். திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரி மண்ணில் (செம்மணலில்) தண்ணீர் நிற்கவே நிற்காது. வேருக்கு அது நல்லது, ஆனால் போட்ட உரமும் கூடவே ஓடிவிடும். அங்கே தொழு உரத்தை இரண்டு மடங்காகப் போடுங்கள்.

கன்று: வாங்குவதா, கேட்பதா, முளைக்கவைப்பதா

நர்சரியில் வாங்குவது சுலபம். உயரமான கன்றைத் தேடாதீர்கள். முழங்கை உயரம், தண்டு பென்சில் கனம், உச்சியில் இளந்துளிர், இது போதும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து தரையில் பதிந்திருந்தால் அது வெகுநாளாக அங்கேயே கிடக்கிறது என்று அர்த்தம். தண்டில் நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் பழுப்புப் பொட்டுகள் செதில்பூச்சி. அந்தக் கன்று வேண்டாம். ஒரே பையில் மூன்று நான்கு நாற்றைச் சேர்த்து வைத்துப் புதர் மாதிரி காட்டி விற்பதும் உண்டு. “அண்ணாச்சி, ஒத்தக் கன்னா இருக்கறதா பாத்துக் குடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். கூட்டமாக இருப்பதை வாங்கிவிட்டால் பிரிக்க முயலாதீர்கள், வேர் அறுந்து எல்லாமே போய்விடும். நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை அடியோடு வெட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டில் பெரிய செடி இருந்தால் அதைச் சுற்றிக் கன்றுகள் கிளம்பியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் “மதினி, ஒரு கன்னு பிடுங்கிக்கிடட்டா?” என்று கேட்டு, கையோடு இழுத்து, வீட்டில் வந்து ஊன்றுகிறார்கள். அது பிழைப்பதில்லை. காரணம், அது தாய்ச்செடியின் வேரிலிருந்து வந்த கிளை. அதற்கென்று சொந்த வேர் அதிகம் இருக்காது. ஒரு சாண் உயரக் கன்றாகத் தேர்ந்தெடுத்து, தாய்ச்செடிப் பக்கமாக மண்வெட்டியை ஒருமுறை ஆழமாக இறக்கி, இணைப்பு வேரை மட்டும் அறுத்துவிடுங்கள். கன்றை எடுக்க வேண்டாம், அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அது தனியாக வேர் பிடித்துப் புதுத் துளிர் காட்டும். அப்புறம் ஒரு சாயங்காலமாகப் பார்த்து மண்ணோடு பெயர்த்தெடுத்து, இலையில் பாதியைக் கழித்துவிட்டு நட்டால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும்.

விதைதான் பொறுமைசாலிகளுக்கு. பழம் பச்சையிலிருந்து சிவந்து, அப்புறம் கருநீலமாக மாறும். ஆடி, ஆவணியில் நிறையக் கிடைக்கும். மைனாவும் குயிலும் முந்திக்கொள்ளும். கறுத்த பழத்தைப் பிதுக்கித் தோலையும் சதையையும் கழுவிவிட்டு அந்த வாரமே விதைத்துவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் எடுத்துவைக்கும் விதை இல்லை இது, நாளாக ஆக முளைப்புத்திறன் மளமளவென்று குறைந்துவிடும். ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காத்தால் மூன்று வாரத்துக்குள் முளை வரும். விதைக்கன்றில் முதல் வருஷம் பறிக்க எதுவும் இருக்காது.

குச்சி வெட்டி ஊன்றினால் வராதா என்று கேட்பார்கள். வரும், ஆனால் பட்டுப்போவதே அதிகம்.

நடும் காலம்

புரட்டாசி பிற்பகுதிதான் என் தேர்வு. ஆடிக் காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் இறங்கியிருக்காது. ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிடும். தை, மாசியிலும் நடலாம், கோடைக்குள் செடி நிலைத்துவிடும். சித்திரையிலும் ஆனி, ஆடியிலும் நடாமல் இருப்பது நல்லது. சித்திரையில் வெயில், பின்னதில் காற்று.

ஒரு அடிக்கு ஒரு அடி குழி போதும் (மோசமான மண்ணுக்கு மேலே சொன்ன அளவு). எடுத்த மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் ஒரு சட்டி, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி கலந்து குழியை நிரப்பி, ஒரு வாரம் ஆறவிடுங்கள். பச்சைச் சாணியைப் போட்டால் அது மக்கும் சூட்டில் இளம் வேர் கருகும். பையைக் கிழித்து, மண் உதிராமல் கன்றை இறக்கி, பையில் இருந்த அதே மட்டத்துக்கே மண் அணையுங்கள். தண்டை ஆழமாகப் புதைக்காதீர்கள். நட்ட அன்றைக்கு ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர், அப்புறம் வாரம் ஒருமுறை.

தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வளர்ப்பவர்களுக்கு

தொட்டியில் கறிவேப்பிலை நன்றாகவே வரும். முதலில் பத்து லிட்டர் பை அல்லது வாளி, ஒரு வருஷம் கழித்து நாற்பது, ஐம்பது லிட்டர் தொட்டி என்று படிப்படியாக மாற்றுங்கள். எடுத்த எடுப்பில் சின்னக் கன்றைப் பெரிய டிரம்மில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிப் புளித்துவிடும். நீல டிரம்மைப் பாதியாக வெட்டியது கடைசி வீடாக இருக்கட்டும். அடியில் விரல் நுழையும் ஓட்டை ஆறாவது வேண்டும். அதன்மேல் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்புங்கள். தொட்டியைத் தளத்தில் நேரே உட்கார வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீரும் வடியும், தளமும் ஊறாது.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். புதுச் சிமெண்டுத் தொட்டியாக இருந்தால் நாலைந்து நாள் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். சுண்ணாம்பு இறங்கட்டும்.

அக்னி நட்சத்திரம் வந்ததும் எல்லோரும் செடிக்கு மேலே பச்சை வலை கட்டுவார்கள். கறிவேப்பிலைக்கு அது தேவையில்லை. நிழல் வேண்டியது தொட்டிக்குத்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தப் பக்கத்து வேர்கள் எல்லாம் அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன. இலை வாடியதைப் பார்த்து அப்போது தண்ணீர் ஊற்றினால் இன்னும் கேடு. தொட்டியைச் சுற்றிச் சணல் சாக்கைக் கட்டுங்கள், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பை வெளிப்புறம் மட்டும் அடியுங்கள், அல்லது மேற்கே ஒரு வரிசை காலித் தொட்டிகளை அடுக்குங்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையாலோ தேங்காய் மட்டையாலோ மூடுங்கள். வாடல் பாதியாகக் குறைவதை அந்த வாரமே பார்க்கலாம்.

தண்ணீர்

இதில்தான் பெரும்பாலான செடிகள் போகின்றன. நாள் தவறாமல் ஒரு செம்பு ஊற்றுவது பக்தி, பராமரிப்பு இல்லை. விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வடியும் வரை ஊற்றுங்கள். கோடையில் தொட்டிக்குத் தினமும் தேவைப்படும், ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் தேவைப்படாது. தரையில் வேர் பிடித்த செடிக்கு வாரம் ஒருமுறை தாராளம்.

ஆனி, ஆடிதான் ஏமாற்றும் மாதம். வானம் மூட்டமாக இருக்கும், குற்றாலத்தில் சாரல் என்பார்கள், நம் தெருவில் ஒரு சொட்டு விழாது. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தென்காசி, சுரண்டை வரை வாங்கு வாங்கென்று வாங்கும். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்று வெயிலைவிட வேகமாக மண்ணை உலர்த்தும். வெயில் இல்லையே என்று தண்ணீரைக் குறைத்தால் துளிர் நுனி கருகும். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இறக்கி வையுங்கள், நெட்டைச் செடிக்கு ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

மழைக்காலத்தில் கவலை நேரெதிர். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த அளவு வேண்டாம், சாதாரணக் கார்த்திகை அடைமழைக்கே பள்ளத்தில் இருக்கும் கறிவேப்பிலைக்கு வேரழுகல் வரும். செடியைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தால் மழைக்கு முன் ஒரு பக்கம் உடைத்து வாருகாலுக்கு (சாக்கடைக்கு) வழி விடுங்கள்.

அப்புறம், எந்தத் தண்ணீர்? ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் இலை நுனி காய்ந்துகொண்டே வரும். மழைநீரைப் பிடித்து வைத்து மாதம் ஒருமுறையாவது வடிய வடிய ஊற்றினால் தேங்கிய உப்பு கழியும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு விடுகிறார்கள். அது உப்பு திரண்ட தண்ணீர், தளம் கழுவுங்கள், செடிக்கு வேண்டாம். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் நல்லது. அங்கணத்துத் தண்ணீரில் (பாத்திரம் கழுவும் இடத்துத் தண்ணீரில்) சோப்பு இல்லையென்றால் விடலாம். அரிசி களைந்த தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

வெட்டுவது

இந்தச் செடி வளர்ப்பில் முக்கியமான வேலை இதுதான். செய்யத் தயங்குவதும் இதைத்தான்.

தாளிக்க நேரமாகிவிட்டது, எண்ணெய் காய்கிறது, ஓடிப்போய் கீழே இருக்கும் ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு வருகிறோம். மறுநாள் அதற்கு மேலே உள்ளது. ஒரு மாதத்தில் அடி மொட்டை, உச்சியில் மட்டும் ஒரு குடுமி. செடி மேலே மேலே போகுமே தவிர கிளைக்காது. ஏனென்றால் உச்சிமொட்டு இருக்கும்வரை அது கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கும். ஒவ்வொரு ஈர்க்கும் தண்டோடு சேரும் கக்கத்தில், உற்றுப் பார்த்தால், கடுகை விடச் சிறிய பச்சைப் பொட்டு ஒன்று தெரியும். அதுதான் உறங்கும் கிளை. உச்சியை வெட்டினால்தான் அது கண் விழிக்கும்.

ஆகவே ஈர்க்கைப் பறிக்காதீர்கள், தண்டின் நுனியை வெட்டுங்கள். தரையில் வளரும் செடி ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். தொட்டிச் செடிக்கு முழங்கால் உயரமே போதும். கக்கத்து மொட்டுக்கு அரை அங்குலம் மேலே, சாய்வாக, கூர்மையான கத்தரிக்கோலால். கையால் ஒடித்தால் பட்டை உரிந்து, அந்த வழியாக நோய் ஏறும். இரண்டு மூன்று வாரத்தில் வெட்டுக்குக் கீழே துளிர்கள் கிளம்பும். அவை ஒரு முழம் வந்ததும் அவற்றின் நுனியையும் வெட்டுங்கள். இப்படியே போனால் அடியிலிருந்து ஐந்தாறு நல்ல கிளைகளோடு புதராக நிற்கும். அதற்கு மேல் கிளை வேண்டாம், உள்பக்கமாக ஒன்றோடொன்று உரசுவதை எடுத்துவிடுங்கள்.

முதல் வருஷம் இந்த நுனிகள்தான் உங்கள் அறுவடை. இரண்டாம் வருஷத்திலிருந்து சமையலுக்கு வேண்டியதையெல்லாம் நுனித் தண்டாகவே வெட்டி எடுக்கலாம். எவ்வளவு வெட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு இலை செடியில் மிஞ்சட்டும். சொதிக்கும் இடிசாம்பாருக்கும் ஒரு நுனி போதும், கறிவேப்பிலைக் குழம்பு வைக்கும் நாளில் ஒரு கிளையே எடுக்கலாம்.

விளக்கு வைத்த பிறகு பறிக்கக் கூடாது, வீட்டுக்குத் தூரமான பெண்கள் தொட்டால் பட்டுப்போகும் என்றெல்லாம் ஆச்சிமார் சொல்வது உண்டு. முதலாவதை இருட்டில் பூச்சி பொட்டு இருக்கும் என்ற ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. யார் வெட்டினாலும் செடி துளிர்க்கும்.

பங்குனி வாக்கில் உச்சிகளில் கொத்துக் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூ வரும். விதை தேவையில்லை என்றால் மொட்டிலேயே கிள்ளிவிடுங்கள். பூவும் காயும் பிடித்தால் துளிர் குறையும்.

தீனி

இலைக்காக வளர்க்கும் செடி, அதனால் தழைச்சத்துத்தான் முக்கியம். நன்றாக வளர்ந்த தரைச் செடிக்கு வருஷத்துக்கு இருபது கிலோ தொழு உரம் என்பது கணக்கு, அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். ஒவ்வொரு பெரிய வெட்டுக்குப் பிறகும் கடலைப் புண்ணாக்கை ஒருநாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் துளிர் வேகமாக வரும். மீன் கழுவிய தண்ணீரும் நல்ல உரம்தான். மேலே ஊற்றினால் எறும்பும் பூனையும் வந்து கிளறும், சின்னக் குழி பறித்து ஊற்றி மண்ணால் மூடுங்கள்.

புளித்த மோர் இல்லாமல் கறிவேப்பிலை வராது என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நம் மண்ணும் தண்ணீரும் பெரும்பாலும் சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்தவை. மோரின் புளிப்பு வேரைச் சுற்றிக் கொஞ்ச நேரத்துக்கு அதைத் தணிக்கும். ஒரு தம்ளர் மோருக்குப் பத்துத் தம்ளர் தண்ணீர், மாதம் இரண்டு முறை, போதும். உப்புப் போட்ட மோர் கூடாது. கெட்டியாக ஊற்றினால் மேலே பூசணம் படரும், கொசு மொய்க்கும். மோர் மட்டும் ஊற்றிக்கொண்டு உரம் போடாமல் இருந்தால் செடி அப்படியேதான் நிற்கும்.

இலை மஞ்சளானால்

எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடி இலைகள் மட்டும் பழுத்து உதிர்ந்தால் வயதாகியிருக்கும், அல்லது தழைச்சத்துக் குறைவு. உரம் போட்டால் சரியாகும். இளந்துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. சுண்ணாம்பு மண்ணின் அடையாளம் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலை மேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தெளித்த இலையை இரண்டு வாரம் சமையலுக்கு எடுக்க வேண்டாம். மேலும் கீழும் ஒருசேர வெளுத்து, மண் நசநசவென்று இருந்தால் வேர் அழுகுகிறது. தண்ணீரை நிறுத்துங்கள், தொட்டியாக இருந்தால் அடி ஓட்டைகளில் கம்பி விட்டு அடைப்பு எடுங்கள். உரம் போட்டால் நிலைமை மோசமாகும்.

பூச்சிகள்

காக்கை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக இலை மேல் ஏதோ ஒட்டியிருக்கும். குச்சியால் தொட்டால் அசையும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு காரமான வாடை விடும், பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் எலுமிச்சை அழகி, இல்லையென்றால் கறிவேப்பிலை அழகி. பெரிய செடியில் நாலு புழு தின்றால் குறைந்துபோகாது. சின்னக் கன்றை மட்டும் இரண்டே நாளில் குச்சியாக்கிவிடும், பொறுக்கி எடுத்துப் பெரிய செடியிலோ காட்டுச் செடியிலோ விட்டுவிடுங்கள்.

இதைவிடப் பொல்லாதது சைலிட் பூச்சி. எள்ளளவுதான் இருக்கும், பழுப்பு நிறம், வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்து இளந்துளிரின் சாற்றை உறிஞ்சும். குஞ்சுகள் வெள்ளை நூல் மாதிரி மெழுகு விடும். துளிர் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். எலுமிச்சை மரங்களை அழிக்கும் பச்சையாக்க நோயைப் (சிட்ரஸ் கிரீனிங்) பரப்புவது இந்தப் பூச்சிதான். கறிவேப்பிலைக்கு அந்த நோய் வராது, ஆனால் பூச்சிக்கு இது தாய்வீடு. அமெரிக்காவில் பச்சைக் கறிவேப்பிலையை வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகத் தடை இருப்பதும் இதனால்தான். புளியங்குடி, கடையம் மாதிரி எலுமிச்சை விளையும் ஊர்களில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கன்று கொண்டுபோகிறவர்கள் துளிரைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

சுருண்ட துளிர்களை வெட்டி, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய ஓரிரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகக் குலுக்கி வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம். தெளித்த இலையை ஒரு வாரம் விட்டு, கழுவிவிட்டு எடுங்கள்.

செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் வந்தால் தண்டில் எறும்பு வரிசை ஏறும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, எறும்பு ஏறாமல் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மழைக்காலத்தில் இலைப்புள்ளி வந்தால் உதிர்ந்த இலைகளை அள்ளி அப்புறப்படுத்துங்கள், இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். கந்தகத் தூளை மட்டும் இந்தச் செடிக்கு அடிக்கக் கூடாது.

வெட்டியதை வைத்திருக்க

பெரிய வெட்டு வெட்டினால் ஒரே நாளில் நிறைய இலை சேரும். கழுவினால் ஈரம் போகத் துணியில் பரப்பிவிட்டு, ஈர்க்கோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பொடிக்கு உலர்த்துவதென்றால் நிழலில், மின்விசிறிக் காற்றில், இரண்டு மூன்று நாள். மொட்டை வெயிலில் காயவைத்த இலை நிறமும் வாசமும் இரண்டையும் விட்டுவிடும்.

வருஷங்கள் போகப் போகத் தண்டு மரமாகி, துளிர் சிறுத்து, இலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அப்போது செடியை மாற்ற வேண்டியதில்லை. புரட்டாசியில் முழங்கால் உயரத்துக்கு மொத்தமாக வெட்டிவிட்டு, வெட்டுக்காயங்களில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசி, தூரைச் சுற்றி ஒரு சட்டி தொழு உரம் போட்டு மண்ணைக் கொத்திவிடுங்கள். மழை பிடித்த கொஞ்ச நாளில் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர் வரும். அதில் நல்லதாக ஐந்தாறை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி அன்றைய ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.